கை தூக்காத தேர்தல்

எக்கா.

இப்படிக் கூப்பிட்டால் "என்னட்டி" என்று ஒரு குரல் வரும். பத்து மாதமாக வரவில்லை. அவளுக்குப் பெயர் உண்டு. ஆதார் கார்டில் இருக்கிறது. நான் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவள் பெயரே எக்காதான். இங்கேயும் அதுவே போதும்.

நான் அதிகம் படிக்கவில்லை. ஆறாவதோடு நின்றுவிட்டேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். தப்பு வந்தால் அக்கா மகள் திருத்துகிறாள். அவள் நாலாவது படிக்கிறாள். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அக்கா செத்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், "பாவம், நல்ல பிள்ளை, யாரையும் எதுத்துப் பேசமாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அது பொய். அவள் எதிர்த்துப் பேசினாள். ஹால் நிறைய ஆள் இருக்கும்போது எழுந்து நின்று பேசினாள். அவர்கள் எல்லாரும் அன்றைக்கு அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

தாராவியில் எங்கள் சந்திலிருந்து அக்கா மகள் படிக்கிற பள்ளிக்கூடம் பத்து நிமிட நடை. தமிழில் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம். அங்கே பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை அதற்குத் தலைவர் தேர்தல். ஹாலில் பாய் விரிப்பார்கள். பெண்கள் பாயில், ஆண்கள் சுவர் ஓரமாக. முன்னால் நாலு நாற்காலி. அதில் ஒன்றில் அண்ணாச்சி, எங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பெரிய டீச்சர், "அண்ணாச்சி தலைவரா இருக்கறதுல சம்மதம் உள்ளவா கை தூக்குங்கோ" என்பார். கை எல்லாம் மேலே போகும். பிறகு டீ வரும். ஒன்பது வருடம் இப்படித்தான் தேர்தல் நடந்தது.

அண்ணாச்சிக்குத் தோல் பை செய்கிற பட்டறை மூன்று இருக்கிறது. எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், அங்கே தோல் வெட்டுகிறார். அண்ணாச்சி கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு நோட்டு கொடுப்பார். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் வண்டி அனுப்புவார். ஆனால் பிள்ளைகள் கக்கூஸ் கதவுக்கு உள்ளே போட்டுக்கொள்ளக் கொண்டி இல்லை என்று சொன்னால், "பாத்துக்கிடலாம்மா" என்பார். அந்த வார்த்தையை அக்கா இரண்டு வருடம் கேட்டாள்.

ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொள்ள யாரும் வராவிட்டால் அடக்கிக்கொள்ள வேண்டும். அக்கா மகள் காலையில் தண்ணீர் பாட்டிலை நிறைத்துக் கொண்டுபோவாள். சாயங்காலம் நிறைந்தபடியே கொண்டுவருவாள். மூன்றாவது வருடம் அக்கா தானே தலைவருக்கு நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வீடு வீடாகப் போனாள். திரும்பி வந்து விரல் விட்டு எண்ணினாள். "முப்பத்தெட்டு பேரு போடுதேன்னு சொல்லிருக்காவட்டி."

கூட்டத்தில் அவள் பெயரைச் சொன்னபோது நாலு கை எழுந்தது. அதில் ஒன்று என்னுடையது. நான் அம்மா இல்லை, எனக்கு ஓட்டு இல்லை என்று பெரிய டீச்சர் அதைக் கழித்துவிட்டார். மூன்று. போடுகிறேன் என்று சொன்னவர்கள் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா தூக்கிய கையை, அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பியதும், தலையைச் சொறிகிற மாதிரி மாற்றிக்கொண்டாள். அடுத்து அண்ணாச்சி பெயர் வந்தது. ஹால் முழுக்கக் கை. சுவர் ஓரத்தில் அத்தான் கையும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அக்கா அவருக்குச் சோறு போட்டாள். அவர் தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"கை வலிக்கா?" என்று கேட்டாள்.

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"இல்ல, ரொம்ப நேரம் தூக்கி வச்சிருந்தியளே, அதான் கேட்டேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டா?"

நான் சிரித்துவிட்டேன். அத்தானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

பாத்திரம் விளக்கும்போது நான் அவளிடம் கத்தினேன். கட்டின புருசனே இப்படிச் செய்தால் ஊரில் யார் போடுவார்கள் என்று கேட்டேன்.

"அவர ஏசாத" என்றாள். "யாருக்கும் எம் மேல வெறுப்பு இல்லட்டி. கைக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு கயிறு கிடக்கு. கையத் தூக்குனா வயிறு இழுக்கும். கையப் பாக்காம ஓட்டுப் போடுறதுக்கு ஒரு வழி வேணும், அவ்வளவுதான்."

அடுத்த வாரம் மண்பாண்டம் செய்கிற கும்பார்வாடாவுக்குப் போய் இரண்டு குல்லக் வாங்கி வந்தாள். குல்லக் என்றால் மண் உண்டியல். மேலே ஒரு கீறல் மட்டும் இருக்கும். மூடி கிடையாது. உடைத்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். ஒன்று பெரிதாக இருந்தது, ஒன்று சின்னது. எதற்கு என்று கேட்டேன். "அடுத்த வருசத்துக்கு" என்றாள். "உங்க கடையில ஒரே மாதிரி பட்டன் ஒரு நூறு கெடைக்குமா?" என்றும் கேட்டாள். நான் காஜா பட்டன் கடையில் வேலை செய்கிறேன். சட்டைக்கும் கோட்டுக்கும் துளை அடித்துப் பட்டன் தைக்கிற வேலை. கிடைக்கும் என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. குல்லக் இரண்டும் பரணுக்குப் போயின.

மழை முடிவதற்குள் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. பதினோரு நாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. அண்ணாச்சி வண்டிதான் வந்தது.

நான் அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். பிள்ளைக்குச் சோறு கட்டுவது, தலை பின்னுவது, டைரியில் கையெழுத்துப் போடுவது எல்லாம் நான்தான். இந்த வருடம் பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம், பாட்டிலைக் கழுவ மூடியைத் திறந்தேன். காலையில் நான் பிடித்துக் கொடுத்த தண்ணீர் அப்படியே என் காலில் கொட்டியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிற லாத்தா வீட்டுக்குப் போனேன்.

லாத்தா என்றால் காயல்பட்டணத்துப் பக்கம் அக்காவைக் கூப்பிடுகிற வார்த்தை. அவர் ஊர் அதுதான். வீட்டிலேயே கல்யாணத் துணிக்கு மணி வைத்துத் தைக்கிறார். அவர் மகளும் அதே பள்ளிக்கூடம். போன வருடம் எழுந்த மூன்று கையில் ஒன்று அவருடையது. அவருக்கு அண்ணாச்சி பட்டறை வேலை இல்லை, அதனால் தூக்க முடிந்தது.

"நிக்கிறேன்" என்றார். "ஆனா கை தூக்குற எலெக்சன்னா நிக்கமாட்டேன். மூணு கைய எண்ணி அவமானப்பட எனக்கு டைம் இல்ல. அஞ்சு துணி கிடக்கு."

"கை வேண்டாம் லாத்தா. எக்கா ஒரு வழி பண்ணி வச்சிருக்கா."

இரண்டு பேரும் பெரிய டீச்சரைப் பார்க்கப் போனோம். அவர் மாட்டுங்காவிலிருந்து வருகிறவர். நல்லவர், ஆனால் எப்போதும் அவசரம்.

"கையைத் தூக்கறதுல என்ன கஷ்டம் உங்களுக்கு? அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடறது."

"அந்த அஞ்சு நிமிசம்தான் டீச்சர் கஷ்டம்" என்றார் லாத்தா.

"பேப்பர்ல எழுதிப் போடலாம்னா எத்தனை பேர் படிப்பா? பாதிப் பேருக்கு ஹிந்திதான் வரது. கொஞ்சம் பேருக்கு எதுவுமே வரலை."

நான் குல்லக்கைப் பற்றிச் சொன்னேன். ஒரு வீட்டுக்கு ஒரு பட்டன். திரைக்குப் பின்னால் இரண்டு குல்லக். அண்ணாச்சி குல்லக்கின் கழுத்தில் ஒரு துண்டுத் தோல் கட்டியிருக்கும், லாத்தா குல்லக்கின் கழுத்தில் மணிச்சரம். கலர் துணி கட்டினால் இது இந்தக் கட்சி, அது அந்த மதம் என்று பேசுவார்கள். தோலும் மணியும் யார் யாருடையது என்று தாராவியில் குழந்தைக்கும் தெரியும்.

பெரிய டீச்சர் பேனாவை மூடினார். "சரி, யார் நடத்தறது? நிக்கறவா நடத்தக் கூடாது. நாங்க நடத்தினா பழி எங்க மேல வரும். பேரன்ட்ஸ் யார் நடத்தினாலும் அவா இந்தப் பக்கம், இவா அந்தப் பக்கம்னு சண்டை."

"நான் நடத்துறேன் டீச்சர். எனக்கு ஓட்டு இல்ல. நான் யாருக்கும் அம்மா இல்ல."

அவர் என்னையே பார்த்தார். போன வருடம் கழித்த கை அவருக்கு ஞாபகம் வந்ததா தெரியவில்லை. "செய்" என்றார்.

மூன்றாம் நாள் அண்ணாச்சி எங்கள் கடைக்கு வந்தார். கூடவே அவர் பட்டறை சூப்பர்வைசர். நான் கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அண்ணாச்சி உட்கார்ந்தார்.

"ஏம்மா, எம் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு அண்ணாச்சி. எங்க கை மேலதான் இல்ல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சூப்பர்வைசருக்கு வரவில்லை. "அக்கா காரியத்துக்கு யாரு வண்டி வந்துச்சின்னு மறந்து போச்சி போல" என்றார்.

ஊசி விரலில் ஏறிவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் ஆயுசுக்கும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"மறக்கல. அந்த வண்டிய ரோட்டுல எங்க கண்டாலும் கும்பிடுதேன். சாகுற வரைக்கும் கும்பிடுவேன். கும்பிடுதான் அதுக்கு. ஓட்டுல கொண்டாந்து கழிக்காதிய."

கடையில் மெஷின் எல்லாம் நின்றுவிட்டது. சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். அண்ணாச்சி கையை அசைத்து அவரை நிறுத்தினார்.

"நடத்து" என்றார். "தோத்தா அழக் கூடாது."

"நான் நிக்கவே இல்லையே அண்ணாச்சி."

இது அத்தான் காதுக்குப் போய்விட்டது. வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். "எனக்கு வேலை போச்சின்னா நீயா சோறு போடுவ?"

"போடுவேன்."

"பேசுதா பாரு."

"அத்தான், நீங்க யாருக்கு வேணும்னாலும் போடுங்க. அண்ணாச்சிக்கே போடுங்க. பாக்க ஆளு இருக்காது. அதுக்குத்தான் இவ்வளவும்."

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் அக்கா படம் இருக்கிறது. "அவ பேசுற மாதிரியே பேசுத" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

தேர்தலுக்கு முந்தின நாள் பரணிலிருந்து குல்லக்கை இறக்கினேன். தூக்கும்போதே வித்தியாசமாக இருந்தது. கீறல் வழியாகப் பார்த்தேன். இரண்டுக்குள்ளும் பாதி வரை சிந்தி அடைத்திருந்தது. துணி வெட்டும்போது விழுகிற கிழிசல் துண்டுகளை எங்கள் பக்கம் சிந்தி என்பார்கள். வழுவழுவென்று கோட்டு லைனிங் சிந்தி. என் கடையிலிருந்து நானே எப்போதோ அடுப்புத் துடைக்கக் கொண்டுவந்தது. அக்காவுக்கு எதையும் பொத்தி வைக்கிற பழக்கம் உண்டு. உடையாமல் இருக்க உள்ளேயும் அடைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நாளைக்கு எல்லார் முன்னாலும் குல்லக்கைக் கவிழ்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்ட வேண்டும். உள்ளே குப்பை கிடந்தால் என்ன நியாயம் அது?

தலைப் பின்னை நிமிர்த்தி ஒவ்வொரு துண்டாக இழுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் கை பட்டது, மணம் இருக்கும் என்று மூக்கில் வைத்துப் பார்த்தேன். மண் வாசனைதான் இருந்தது. அந்தச் சிந்தியையே வெளியே சுற்றி இரண்டு குல்லக்கையும் பையில் வைத்தேன்.

மறுநாள் ஹால் நிறைந்துவிட்டது. எண்பத்தொன்பது வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். மேடைப் பக்கம் மூலையில் கயிறு கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம். அதற்குப் பின்னால் பெஞ்சில் குல்லக். வைப்பதற்கு முன்னால் இரண்டையும் கவிழ்த்துத் தட்டிக் காட்டினேன். பாய் பாயாகக் கொடுத்து அனுப்பினேன். எல்லாரும் ஆட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் கீறலில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள இருட்டா இருக்கு" என்றார். சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு டீச்சர் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பிள்ளை பெயரைக் கூப்பிட, நான் கறுப்புக் கோட்டுப் பட்டன் ஒன்றைக் கையில் கொடுத்தேன்.

முதல் ஆள் உள்ளே போனார். டொங் என்று கேட்டது. எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது ஆளுக்கும் டொங். மூன்றாவது ஆளுக்கு டிக்.

முன்னால் நாற்காலியில் இருந்த சூப்பர்வைசர் சிரித்தார். "பெருசுக்கு டொங்கு, சிறுசுக்கு டிக்கு. நல்ல ரகசியம்லா இது."

தோல் கட்டியது பெரிய குல்லக்கில். மணிச்சரம் சின்னதில்.

அதற்குப் பிறகு ஹால் அமைதியாகிவிட்டது. அந்த ஹாலில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. கைக்குழந்தைகூட அழவில்லை. எல்லாரும் காதால் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆறாவதாகப் போனவள் அண்ணாச்சி பட்டறையில் பைக்கு உள்துணி ஒட்டுகிறவள். போன வருடம் தூக்கிய கையால் தலையைச் சொறிந்தாளே, அவள்தான். உள்ளே போனாள். டிக். வெளியே வந்து எல்லார் முகத்தையும் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போனது.

அடுத்து நின்றவள் பட்டனை என் கையில் திருப்பி வைத்தாள். "அடுப்புல பால் இருக்கு, நான் வாரேன்." அதற்கடுத்தவளும், "எனக்கும் பால் இருக்கு." அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் பால் பொங்கியது. ஒவ்வொருத்தியாகச் செருப்பைத் தேடினார்கள்.

நான் கையில் இரண்டு பட்டனை வைத்துக்கொண்டு நின்றேன். என் காலடியில் பை. பைக்குள் சிந்தி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அக்கா பொத்தி வைக்கவில்லை. போட்டுப் பார்த்திருக்கிறாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து இந்தக் குல்லக்கில் ஒன்றும் அந்தக் குல்லக்கில் ஒன்றும் போட்டு, காது கொடுத்துக் கேட்டு, பிறகு சத்தம் வராமல் அடைத்திருக்கிறாள். அவள் செய்து வைத்த ரகசியத்தை நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தோண்டி வெளியே எடுத்திருக்கிறேன்.

"நிறுத்துங்க டீச்சர்" என்றேன்.

"என்ன ஆச்சு?"

"தப்பு நடந்துபோச்சி. எம் மேலதான் தப்பு. இதுவரைக்கும் விழுந்த ஆறும் செல்லாது. வெளிய எடுத்து அவங்க அவங்க கையில குடுத்துருதேன். முதல்லருந்து போடணும்."

சூப்பர்வைசர் எழுந்துவிட்டார். "போட்டது போட்டதுதான். ஒனக்குப் பிடிக்காட்டா நிறுத்துவியோ?"

"எனக்குப் பிடிக்கிறதும் பிடிக்காததும் இல்ல. யாரு எதுல போட்டாவன்னு ஹாலுக்கே கேக்கு. கேக்குற ஓட்டுக்கும் தூக்குற கைக்கும் என்ன வித்தியாசம்? அந்த எலெக்சன்தான் வேணும்னா நான் நடத்தமாட்டேன். பட்டன எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

பெரிய டீச்சர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய டீச்சர் அவரிடமிருந்து கண்ணை எடுத்து என்னிடம், "உடைக்காம எப்படி வெளில எடுப்பே?" என்று கேட்டார்.

பாயில் சிரிப்பு கிளம்பியது. லாத்தா தலைப் பின்னை உருவி நீட்டினார். "எங்க வீட்டுப் பிள்ளைங்களைக் கேளுங்க டீச்சர். மாசம் ஒரு தடவை குல்லக்க உடைக்காமலே ஐஸ் வாங்கித் தின்னுதுங்க."

எல்லார் முன்னாலும் அந்தப் பின்னை விட்டு ஆறு பட்டனையும் எடுத்தேன். சூப்பர்வைசர் விடவில்லை. "அப்போ உள்ள போறவனும் பின்ன விட்டு எடுக்கலாம்லா?" அது நியாயமான கேள்விதான். நான் சிந்தியை ஒவ்வொன்றாகக் கீறல் வழியே திணித்தேன். இரண்டு குல்லக்கும் பாதி நிறையும் வரை திணித்தேன். என் பர்ஸில் ஒரு சின்ன வெள்ளைப் பட்டன் இருந்தது. ஓட்டு எல்லாம் கறுப்பு, அதனால் குழப்பம் வராது. அதைச் சின்னக் குல்லக்கில் போட்டேன். சத்தமே இல்லை. ஆட்டினேன். அப்போதும் இல்லை. குல்லக்கையும் பின்னையும் சூப்பர்வைசர் கையில் கொடுத்தேன்.

"எடுங்க பாப்போம்."

அவர் குத்தினார், கிண்டினார், கவிழ்த்தார். நூல்தான் வந்தது. வியர்த்துவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தி, "மெதுவா, மெதுவா, ஒடிஞ்சிரப் போவுது" என்றாள். அண்ணாச்சியே சிரித்துவிட்டார். "போதும், வந்து உக்காரு."

ஆறு பேரிடமும் பட்டனைத் திருப்பிக் கொடுத்தேன். உள்துணி ஒட்டுகிறவள் கையில் வைக்கும்போது சூப்பர்வைசர், "நீ எதுல போட்டன்னு ஏற்கெனவே கேட்டாச்சி தாயி" என்றார்.

அவள் பட்டனை உள்ளங்கையில் வைத்து மூடினாள். "கேட்டியளா? நல்லது. இப்ப மாத்திப் போடுவேன். போடாமலும் இருப்பேன். காதத் தீட்டி வச்சிக்கிட்டு இரும்."

உள்ளே போனாள். ஹால் முழுக்கக் காது. ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து நிமிர்ந்து நடந்து தன் பாயில் போய் உட்கார்ந்தாள்.

செருப்பு தேடிப் போனவர்கள் வாசலிலேயே நின்றிருந்தார்கள். "பாலை இறக்கியாச்சா?" என்று கேட்டேன். "இறக்கியாச்சி, இறக்கியாச்சி, பட்டனக் குடு" என்று வரிசையில் வந்து நின்றார்கள்.

அத்தான் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். நான் பட்டனைக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால் போனவர் வரவே இல்லை. "உள்ள தூங்கிட்டாரா" என்று யாரோ கேட்டார்கள். எனக்குத் திரைக்குக் கீழே அவர் கால் மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. பிறகு வந்தார். கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றார்.

எண்ணும்போது ஒரு விதி வைத்தேன். அண்ணாச்சி குல்லக்கை லாத்தா உடைக்க வேண்டும், லாத்தா குல்லக்கை அண்ணாச்சி உடைக்க வேண்டும். உடைத்தார்கள். ஓட்டுக்கு நடுவே சிந்தி பூப்போலக் கிடந்தது. பட்டன்களைப் பொறுக்கிப் பத்துப் பத்தாகப் பாயில் அடுக்கினேன். வெள்ளைப் பட்டனை ஓரமாக எடுத்து வைத்தேன். தோல் பக்கம் நாற்பத்தேழு. மணிப் பக்கம் நாற்பத்திரண்டு. மொத்தம் எண்பத்தொன்பது, ரிஜிஸ்டரில் டிக் போட்டதும் எண்பத்தொன்பது.

லாத்தா தோற்றுவிட்டார். நான் அழவில்லை. அண்ணாச்சிதான் வரிசையாக இருந்த அந்த நாற்பத்திரண்டு பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பத்திரெண்டா" என்று இரண்டு தடவை சொன்னார். தலையைத் தூக்கி ஹாலைப் பார்த்தார். அங்கே பாதிப் பேர் அவர் பட்டறை ஆட்கள். போன வருடம் பாயைப் பார்த்த கண் எல்லாம் இந்த வருடம் அவரைப் பார்த்தது. யார் யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"சந்தோசம் அண்ணாச்சி" என்றார் லாத்தா. "பிள்ளைங்க கக்கூஸுக்கு ஒரு கொண்டி."

"போடச் சொல்லுதேன்."

"எப்ப?"

ஒன்பது வருடத்தில் அந்த ஹாலில் யாரும் அவரிடம் எப்போது என்று கேட்டதில்லை.

"திங்கக்கிழமை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த வருசமும் இந்தக் குல்லக்குதானா?" என்று கேட்டார்.

"வருசா வருசம் இதான் அண்ணாச்சி. அடுத்த தடவ ஒரே அளவா பாத்து வாங்குதேன்."

கொண்டி புதன்கிழமை வந்தது. வந்துவிட்டது. இப்போது பாட்டில் பாதி காலியாகத் திரும்பி வருகிறது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து பிள்ளையை நடுவில் விட்டு மூன்று பேரும் நடந்து வந்தோம். சிந்திப் பையை அத்தான் வாங்கிக்கொண்டார். சந்துக்குள் திரும்புகிற இடத்தில் அவர் நின்றார்.

"ஏ பிள்ள, நான் வந்து..."

"சொல்லாதிய அத்தான்."

"இல்ல, ஒங்கிட்ட மட்டும்..."

"எங்கிட்டயும் சொல்லக் கூடாது. எக்கா இதுக்குத்தான் வாங்கி வச்சா."

அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். உண்மையைச் சொன்னால் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. சில நாள் அந்த நாற்பத்திரண்டில் ஒன்று அவருடையது என்று நினைத்துக்கொண்டு தூங்குகிறேன். சில நாள் இல்லை என்று தோன்றும், கோபம் வரும். ஆனாலும் கேட்கமாட்டேன். நான் கேட்டால் அண்ணாச்சி நாற்காலியில் நான் போய் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்.

எங்க அக்கா யாரையும் எதிர்த்துப் பேசாதவள் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். இதைப் படிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில், மாதாவுக்கு மெழுகுவர்த்தி வைக்கிறவர்கள் அங்கே, லாத்தாவைப் போலத் தொழுகிறவர்கள் தொழுகையில், எங்க அக்காவுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாமல் எப்படி வேண்டுவது என்று யோசிக்காதீர்கள். பெயர் இல்லாமல் விழுந்த எண்பத்தொன்பது பட்டனும் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. இதுவும் சேரும்.